வாப்பாவின் குரல் உள்ள கேசட்டுகள்: டெக் இரண்டு விநாடியில் நின்றுவிடுகிறது, நாடாவில் வெள்ளைப் பூஞ்சை

கடற்கரைத்தெரு

எல்லோருக்கும் சலாமும் வணக்கமும்.

என் வாப்பா எண்பதுகளில் சவூதி தம்மாமில் வேலை பார்த்தார். கடிதம் எழுதுவதைவிடக் கேசட்டில் பேசி அனுப்புவதுதான் அவருக்குப் பிடிக்கும். லீவில் ஊருக்கு வருகிறவர் யாராவது துணிமணி, டார்ச் லைட்டோடு அந்தக் கேசட்டையும் கொண்டுவந்து கொடுப்பார். வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். அப்புறம் உம்மா அதே கேசட்டில் பதில் பேசி, அடுத்து விமானம் ஏறுகிறவர் கையில் கொடுத்துவிடுவார். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கத்துக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும். இப்படி மேலே மேலே பதிவு செய்ததில் இன்று மிஞ்சியிருப்பது ஏழு கேசட்டுகள்தான்.

வாப்பா மவுத்தாகிவிட்டார். அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று உம்மா சொல்கிறார். எனக்கு இரண்டு சிக்கல்.

ஒன்று, டெக். வாப்பாவே அங்கிருந்து கொண்டுவந்த ஜப்பான் செட். ஒரே கேசட் போடும் வகை, லேசாகத் தொட்டால் வேலை செய்யும் பட்டன்கள். விளக்கு எரிகிறது. பிளே அழுத்தினால் ஹெட் மேலே வருகிறது, இரண்டு விநாடி ஓடுகிறது, டக்கென்று நின்றுவிடுகிறது. ரீவைண்ட் அசைவதே இல்லை. சோதனைக்கு ஒரு பழைய பாட்டு கேசட்டைப் போட்டேன், நாடா உள்ளே சிக்கி வெளியே வளையமாகத் தொங்கியது.

இரண்டு, கேசட்டுகள். நான்கில் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் மேல் வெள்ளையாகப் பொடி படர்ந்திருக்கிறது.

எங்கே ஆரம்பிப்பது?

பழைய_பட்டறை

தம்பி, வாப்பாவின் கேசட் எதையும் இப்போதைக்கு எந்த மெஷினிலும் போடாதீர்கள். சொந்தக்காரர் வீட்டில் நன்றாக ஓடும் டேப் ரெக்கார்டர் இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். பாட்டு கேசட்டைத் தின்ற மெஷின் அதையும் தின்னும். பாட்டு வேறு எங்கேயாவது கிடைக்கும், இது கிடைக்காது.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு டெக்கின் பின்பக்கம் பாருங்கள். சவூதியில் பல இடங்களில் அப்போது 127 வோல்ட். அங்கே விற்ற செட்டுகளில் பெரும்பாலும் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கும். விளக்கு எரிகிறது என்பதால் சரியான இடத்தில்தான் இருக்கும். ஆனாலும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். 110ல் வைத்திருந்த செட்டை நம் 230ல் சொருகி, டிரான்ஸ்பார்மர் கருகி என் கடைக்கு வந்தவை ஏராளம்.

நீங்கள் சொல்லும் கோளாறு எலக்ட்ரானிக் கோளாறு இல்லை. இந்த வகை டெக்கில் நாடா சுற்றிக்கொள்ளும் அச்சுக்குக் கீழே ஒரு சென்சார் இருக்கும். அச்சு சுழலவில்லை என்றால், நாடா சிக்குகிறது என்று புரிந்துகொண்டு மெஷின் தானே நின்றுவிடும். அந்த இரண்டு விநாடியில் கேப்ஸ்டன், அதாவது நாடாவை நகர்த்தும் சுழல் கம்பி, நாடாவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது, இழுத்துச் சுற்ற ஆள் இல்லை. அதனால்தான் வளையம். அச்சு ஏன் சுழலவில்லை? பெல்ட் தளர்ந்திருக்க வேண்டும், அல்லது அச்சுக்குச் சுழற்சியைக் கடத்தும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் கல்லாகி வழுக்க வேண்டும். ரீவைண்டும் அசையவில்லை என்பதால் இரண்டும் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

மூடியைக் கழற்றிப் படம் எடுத்துப் போடுங்கள். கழற்றும் ஒவ்வொரு ஸ்குருவும் எங்கிருந்து வந்தது என்று தாளில் வரைந்து, அந்த இடத்திலேயே செலோடேப்பால் ஒட்டி வையுங்கள். ஒரே டெக்கில் நான்கு நீளத்தில் ஸ்குரு இருக்கும்.

கடற்கரைத்தெரு

நன்றி அண்ணே. சுவிட்ச் 220ல்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து மெக்கானிசத்தை வெளியே எடுத்தேன். மோட்டார் பெல்ட் கறுப்பாகத் தார் மாதிரி இளகி, புல்லிகளில் ஒட்டி இழுபடுகிறது. கையில் பட்டது, சோப்புக்குப் போகவில்லை. ஐட்லர் ரப்பர் பளபளப்பாக, நகம் வைத்தால் பள்ளம் விழாத அளவுக்குக் கெட்டியாக இருக்கிறது.

47கே_ஓம்

பெல்ட் அப்படித்தான் ஆகும். அந்தக் காலத்தில் சில பெல்ட்டுகள் செய்த பொருள், ஈரப்பதத்திலும் சூட்டிலும் வருடங்கள் போகப் போக இளகிவிடும். இனி துணியில் படவிடாதீர்கள், கறை போகாது. கையுறை போட்டு, கீழே பேப்பர் விரித்து, 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் இயர் பட்ஸை நனைத்துத் துடைத்தெடுங்கள். பொறுமை வேண்டும். மோட்டார் புல்லியின் பள்ளத்தில் கடுகளவு ஒட்டியிருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் குரல் ஒரு முறை நடுங்கும்.

மருந்துக்கடை ஸ்பிரிட் வேண்டாம். அதில் தண்ணீர் கலந்திருக்கும், சில வகைகளில் எண்ணெயும் சேர்ப்பார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் சுத்தமான ஐபிஏ (ஐசோப்ரோபைல் ஆல்கஹாலின் சுருக்கம்) கேட்டால் கொடுப்பார்கள்.

புது பெல்ட்டுக்கு அளவு எடுக்கும் விதம்: பழையது உருகிப்போனதால் அதை அளக்க முடியாது. பெல்ட் போகும் வழி முழுக்க ஒரு நூலைச் சுற்றி, விறைப்பாக இழுத்து நீளத்தை அளவுகோலில் பாருங்கள். அதில் 5 சதவீதம் குறைத்தால் பெல்ட்டின் சுற்றளவு. ஃப்ளைவீலுக்கு, அதாவது வேகத்தைச் சீராக வைக்கும் கனமான சக்கரத்துக்கு, போவது தட்டை பெல்ட், அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் இருக்கும். ரொம்ப இறுக்கமாகப் போட்டால் மோட்டாரின் புஷ் தேயும், வேகமும் குறையும்.

சைக்கிள்_டைனமோ

சாதாரண ரப்பர் பாண்டு போட்டுப் பார்க்கலாமா? ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

பழைய_பட்டறை

> சாதாரண ரப்பர் பாண்டு போட்டுப் பார்க்கலாமா?

அச்சு சுழல்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போடலாம். ஓட்டிக் கேட்கப் போடக்கூடாது. ரப்பர் பாண்டின் தடிமன் ஓரிடம் போல ஓரிடம் இருக்காது. நாடா ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டுமே நகர்கிறது. அவ்வளவு மெதுவான ஓட்டத்தில் சின்ன இழுப்பு வித்தியாசம்கூடக் காதில் விழும். பாட்டில் வீணையும் நாதஸ்வரமும் அழும், பேச்சில் குரல் தழுதழுக்கும். வாப்பாவின் குரல் அப்படிப் பதிவாகிவிட்டால் அவர் அப்படித்தான் பேசினார் என்று பேரப்பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

ஐட்லருக்கு வருவோம். 320 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் பளபளப்பு போய்ச் சில வாரம் பிடிக்கும். விண்டர்கிரீன் எண்ணெயில் ஊறவைத்தால் ரப்பர் மிருதுவாகும் என்று எழுதுகிறார்கள். மிருதுவாகும், உண்மைதான். ஆனால் ஊதிப் பெருத்துச் சில மாதங்களில் பிசுபிசுக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சக்கரத்தைச் சுற்றியுள்ள பழைய ரப்பர் டயரைக் கழற்றிவிட்டு அதே உள்விட்டம், வெளிவிட்டம் உள்ள புது டயரைப் போடுங்கள். விட்டம் மாறினால் இழுவை மாறும்.

நாடாவைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரை விட்டுவிடாதீர்கள். அதன் மேல் பழுப்பாக ஒரு பட்டை தெரியும், அது நாடாவில் இருந்து உதிர்ந்த ஆக்சைடு, அதாவது காந்தப் பூச்சு. ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துக் காயவிடுங்கள். விரலால் சுழற்றும்போது ரோலர் ஆடினாலோ நடுவில் குழி விழுந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள், அதுதான் நாடாவின் ஓரத்தை மடக்கும். கேப்ஸ்டன் கம்பியையும் ஹெட்டையும் ஐபிஏவால் துடைக்கலாம். ஹெட்டின் அருகே காந்தம் ஏறிய ஸ்குரு டிரைவரைக் கொண்டுபோகாதீர்கள்.

நாடாச்சுருள்

டெக்கை அண்ணன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் கேசட்டுகளைப் பற்றிச் சொல்கிறேன். வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை டிஜிட்டலாக்கும் வேலையில் இருக்கிறேன். கடலோர வீடுகளில் இருந்து வரும் கேசட்டுகளில் பூஞ்சை இல்லாததுதான் அபூர்வம்.

முதலில் உங்கள் உடம்பு. அந்த வெள்ளைப் பொடியை மூச்சில் இழுக்கக்கூடாது. மூக்கை நன்றாக மூடும் முகக்கவசம் போடுங்கள், வேலையை மொட்டைமாடியிலோ வராந்தாவிலோ வைத்துக்கொள்ளுங்கள். உம்மாவையும் குழந்தைகளையும் பக்கத்தில் விடாதீர்கள். பூஞ்சை உள்ள நான்கையும் மற்ற மூன்றில் இருந்து இன்றே பிரித்து வையுங்கள்.

பூஞ்சை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் நாடாவின் மேல் பூசிக்கொள்ளும். அதனால் முதலில் காயவைக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு கேசட்டுகளைப் போட்டு மூடிவிடுங்கள். நிறம் மாறும் ஜெல் கிடைத்தால் நல்லது, ஈரம் இழுத்து முடித்ததும் நிறத்தில் தெரியும், மாற்றிப் போடலாம். அவசரப்பட்டு வெயிலிலோ அடுப்படியிலோ வைக்காதீர்கள். ஓடு வளைந்துவிடும், சுருளும் இறுகும். அரிசி டப்பாவில் போடுவதும் வேண்டாம், அரிசித் தூசி உள்ளே போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் நாடாவைச் சூடாக்குவது பற்றிப் படித்திருப்பீர்கள். அது 70கள், 80களில் வந்த சில ஸ்டுடியோ ஸ்பூல் நாடாக்களுக்கான வைத்தியம். அவற்றில் பூச்சைப் பிடித்து வைக்கும் பசை ஈரத்தால் கெட்டுப் பிசுபிசுக்கும். சாதாரண ஃபெரிக் (இரும்பு ஆக்சைடு பூசிய) கேசட்டுக்கு அந்த நோய் வருவது அரிது. உங்கள் நாடாவைச் சூடாக்க எந்தக் காரணமும் இல்லை.

பொடி நன்றாகக் காய்ந்த பிறகு கேசட்டைத் திறக்க வேண்டும். ஐந்து ஸ்குரு உள்ளதா, ஒட்டி மூடியதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், முதுகில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தாழ்களையும் எல்லாக் கேசட்டிலும் இப்போதே உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனில் விரல் பட்டாலும் எதுவும் அழியாது.

கடற்கரைத்தெரு

தாழ்களை உடைத்துவிட்டேன் அக்கா. ஆறில் ஸ்குரு இருக்கிறது, ஒன்று மட்டும் ஒட்டி மூடியது. நல்லவேளை, ஒட்டியதில் பூஞ்சை இல்லை. பெல்ட்டுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன்.

புதுவரவு_கோவை

இவ்வளவு சிரமம் எதற்கு? கணினியில் சொருகும் சின்ன கேசட் பிளேயர் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே. வாங்கிப் போட்டால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

47கே_ஓம்

> ஒரு மாலையில் முடிந்துவிடும்

பாட்டு கேசட்டுக்குச் சரி என்பவர்கள் இருக்கலாம். இதற்குப் பொருந்தாது. இன்று வரும் மலிவு பிளேயர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது டனாஷின் என்ற ஜப்பான் நிறுவனத்தின் பழைய மெக்கானிசத்தின் நகல்கள். ஃப்ளைவீல் சிறியது, எடை இல்லாதது, வேகம் நிலைக்காது. நாடா இழுவை அதிகமானால் நிறுத்தும் சென்சாரும் பலவற்றில் கிடையாது. பூஞ்சை ஏறிய, 40 வயதான நாடாவை அப்படி ஒன்றில் போட எனக்குத் தைரியம் இல்லை. கடற்கரைத்தெரு வைத்திருப்பது நல்ல எடையுள்ள ஃப்ளைவீலோடு செய்த செட். இரண்டு ரப்பர் சாமான் மாற்றினால் இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

பழைய_பட்டறை

நானும் அதையே சொல்வேன்.

கடற்கரைத்தெரு

பெல்ட், ஐட்லர் டயர் இரண்டும் போட்டாயிற்று. பழைய பாட்டு கேசட் ஒன்று முழுப் பக்கமும் நிற்காமல் ஓடுகிறது, ரீவைண்டும் சரி. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இடது பக்கம் சத்தம் விட்டு விட்டு வருகிறது, கரகரப்பு வேறு. வலது பக்கம் வருகிறது, ஆனால் கம்பளி போர்த்தியது போல மூடிக்கிடக்கிறது.

பழைய_பட்டறை

இடது பக்கத்துக்கு ஐசியைச் சந்தேகிக்க வேண்டாம், சால்டரிங் அயர்னை எடுக்கவும் வேண்டாம். சர்க்யூட் போர்டில் நீளமாக, ஒரு வரிசைக்கு மேல் கால்களோடு ஒரு ஸ்லைடு சுவிட்ச் இருக்கும். ரெக்கார்டுக்கும் பிளேக்கும் மாற்றுவது அதுதான். வருடக்கணக்காக ஒரே இடத்தில் நின்றதில் உள்ளே களிம்பு பிடித்திருக்கும், கடற்காற்று வேறு. செட்டை அணைத்து, கான்டாக்ட் கிளீனரை அதன் இடைவெளியில் சிறிது அடித்து, சுவிட்சை முன்னும் பின்னும் நிறையத் தள்ளுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு சேனல் செத்துவிட்டது என்று என்னிடம் வந்த டெக்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேலையில் பிழைத்தவை.

மூடிக்கிடக்கும் சத்தத்துக்கு மூன்று காரணம் இருக்கலாம். ஹெட் அழுக்கு, அதைத் துடைத்துவிட்டீர்கள். இரைச்சலைக் குறைக்கும் டால்பி சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டால்பி இல்லாமல் பதிந்த நாடாவை டால்பி போட்டுக் கேட்டால் மேல் ஸ்வரங்கள் அமுங்கும். வாப்பா பேசியது ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ இன் ஒன்னில் என்றால் அதில் டால்பி இருந்திருக்காது, அணைத்தே வையுங்கள். மூன்றாவது அசிமத், அதாவது ஹெட் நிற்கும் சாய்வு.

நாடாச்சுருள்

அசிமத்தை நான் சற்று நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த முழு வேலையிலும் அதிகப் பலன் தருவது அதுதான். ஆனால் டிஜிட்டலாக்கிக் கொடுக்கும் கடைகள் பலவற்றில் அதைத் தொடுவதே இல்லை.

ஹெட்டின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத செங்குத்தான பிளவு இருக்கிறது. நாடா நகரும் திசைக்கு அது சரியாக 90 பாகையில் நிற்க வேண்டும். பதிவு செய்த மெஷினில் அது கொஞ்சம் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வோடுதான் குரல் நாடாவில் ஏறியிருக்கும். கேட்கிற மெஷின் நேராக நின்றால் இரண்டும் ஒத்துப்போகாது. அப்போது முதலில் தொலைவது ச, ஸ, ஷ, த போன்ற எழுத்துகளின் கூர்மை. பேச்சு புரியும், ஆனால் ஆள் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றாது.

ஹெட்டுக்கு இரண்டு பக்கமும் ஸ்குரு இருக்கும். ஸ்பிரிங் உள்ள பக்கம், பெயின்ட் தடவி சீல் வைத்ததுதான் அசிமத் ஸ்குரு. அது இப்போது நிற்கும் நிலையை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கேசட்டை ஓடவிட்டு, இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவில் ஹெட்போனில் கேளுங்கள். ஸ்குருவை மிக மெதுவாக, கால் சுற்றுக்குள்ளேயே, அப்படியும் இப்படியும் திருப்புங்கள். ஒரு இடத்தில் திரை விலகுவது போல எழுத்துகள் தெளியும். அங்கே நிறுத்துங்கள். மோனோவில் கேட்கச் சொல்வதற்குக் காரணம், சேனல் இரண்டுக்கும் இடையே நேரம் துளி பிசகினாலும் அது சேர்க்கும்போது பட்டெனத் தெரிந்துவிடும்.

47கே_ஓம்

அக்கா, இதில் எனக்கு ஒரு தயக்கம். அசிமத்தை டெஸ்ட் கேசட் வைத்துத் தரப்படி ஒரு முறை செட் செய்துவிட்டு, பிறகு தொடாமல் இருப்பதுதானே முறை? ஆளாளுக்கு ஸ்குருவைத் திருகியே எத்தனையோ நல்ல டெக்குகள் கெட்டுப்போயின.

நாடாச்சுருள்

உங்கள் தயக்கம் நியாயமானது. அந்த டெக்கில் இனி புதிதாகப் பதிவு செய்யப் போகிறோம் என்றால் நீங்கள் சொல்வதுதான் முறை. இங்கே நோக்கம் வேறு. ஏற்கெனவே சாய்வோடு பதிந்த நாடாவில் இருந்து முழுதாக எடுக்க வேண்டும், அதற்குத் தரம் என்பது அந்த நாடாதான். ஒவ்வொரு கேசட்டுக்கும், முடிந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாகச் செட் செய்ய வேண்டும். 1982ல் வந்த நாகமிச்சி டிராகன் டெக்கில் இதை மெஷினே தானாகச் செய்துகொள்ளும்படி அமைத்தார்கள். நம்மிடம் இருப்பது காதும் ஸ்குரு டிரைவரும். வேலை முடிந்ததும் மார்க்கர் குறிக்கே திருப்பிவிடலாம்.

கடற்கரைத்தெரு

ஸ்லைடு சுவிட்ச் வைத்தியம் பலித்தது அண்ணே, இடது பக்கம் சுத்தமாக வருகிறது. அசிமத்தைப் பாட்டு கேசட்டில் பழகிப் பார்த்தேன். திரை விலகுவது என்று அக்கா சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது.

சிலிக்கா ஜெல் டப்பாவில் இருந்த நான்கும் நன்றாகக் காய்ந்துவிட்டன. அடுத்து?

நாடாச்சுருள்

ஸ்குரு போட்ட புது வெற்றுக் கேசட் வாங்கி அதன் உள்நாடாவை எடுத்துவிடுங்கள். ஓடுதான் நமக்குத் தேவை. பழைய கேசட்டை மேசையில் படுக்க வைத்து ஐந்து ஸ்குருவையும் கழற்றி, மேல் பாதியை நேராக மேலே தூக்குங்கள். திறந்ததும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாடா எந்த உருளையைச் சுற்றி எந்தப் பக்கம் போகிறது என்பது பிறகு மறந்துவிடும்.

சுருளின் மேலும் கீழும் மெல்லிய வழுக்குத் தாள் இருக்கும். அதில்தான் பூஞ்சை அதிகம் ஒட்டியிருக்கும், தூர எறியுங்கள். காய்ந்த பொடியை மென்மையான பிரஷ்ஷால் சுருளின் பக்கவாட்டில் இருந்து தட்டிவிடுங்கள். பிறகு இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பிடித்துப் புது ஓட்டுக்குள் இறக்குங்கள். ஹெட் தொடும் இடத்தில் சின்ன வெல்வெட் பஞ்சு, செப்பு நிற ஸ்பிரிங் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பஞ்சு விழுந்துபோனால் நாடா ஹெட்டில் அழுந்தாது, அசிமத் எவ்வளவு சரி செய்தாலும் சத்தம் மங்கும். பழைய ஓடுகளில் அது விழுந்திருப்பது மிகச் சாதாரணம்.

அடுத்து, ஆறுபக்கப் பென்சிலைச் சக்கரத்தில் செருகி, பஞ்சு உதிராத துணியை இரண்டு விரலுக்கு இடையில் வைத்து நாடாவை அதன் வழியாக மெதுவாக முழுக்கச் சுற்றி எடுங்கள். ஆல்கஹால் தொடவேண்டாம், காய்ந்த துணி போதும். கறை படிந்த இடத்தை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். நாடா எங்கேனும் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இழுக்காதீர்கள், நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.

பதிவு செய்யும்போது டெக்கின் லைன் அவுட்டில் இருந்து யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக எடுங்கள், லேப்டாப்பின் மைக் துளை வழியாக வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. அந்த மூலக் கோப்பில் இரைச்சல் நீக்கம் எதையும் செய்யாமல் அப்படியே இரண்டு இடத்தில் சேமியுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் நகலில்தான். ஒரு பக்கம் பேச்சு முடிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள், நாடா முடியும்வரை ஓடட்டும்.

கடற்கரைத்தெரு

முதல் கேசட் எடுத்துவிட்டேன். வாப்பா பேசுகிறார். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, எல்லாம் சரியான பிறகு கேட்கவைக்கலாம் என்று இருக்கிறேன். ஏனென்றால் ஒரு சிக்கல். ஆரம்பத்தில் அவர் குரல்தான். போகப் போகக் குரல் மெலிந்து, பக்கம் முடியும்போது சின்னப் பையன் வேகமாகப் பேசுவது போலக் கீச்சென்று ஆகிவிடுகிறது. டெக் வேகம் மாறுகிறதா? பாட்டு கேசட் முழுக்க ஒரே சீராக ஓடுகிறதே.

வல்லிபுரத்தான்

தம்பி, உங்கட டெக்கில் பிழை இல்லை. பதிவு செய்த றெக்கோர்டரின் பற்றரி இறங்கியிருக்கிறது. பற்றரி இறங்க மோட்டார் மெதுவாகச் சுத்தும். மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்த குரலைச் சரியான வேகத்தில் ஓட்டினால் அது வேகமாகவும் கீச்சென்றும்தான் கேட்கும்.

எங்களுக்கு இது பழகிய விசயம். 90களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, பற்றரியும் தடை செய்த சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில்தான் றேடியோவும் கசெற்றும் கேட்டோம். அந்தக் காலத்தில் பதிந்த கசெற்றுகள் என்னிடம் சில இருக்கு. பெடல் சுத்திய ஆள் களைத்த இடம், ஆள் மாறிய இடம் எல்லாம் குரலில் தெரியும். உங்கட வாப்பாவின் கசெற்றில் ஒரே சீராக ஏறிக்கொண்டு போவதால் சரி செய்வது சுகம். கணினியில் செய்யுங்கோ, டெக்கின் மோட்டாரில் கை வைக்க வேண்டாம்.

நாடாச்சுருள்

வல்லிபுரத்தான் ஐயா சொன்னது சரி. எவ்வளவு திருத்துவது என்பதைக் காதால் மட்டும் முடிவு செய்யாதீர்கள், நாடாவிலேயே அளவுகோல் கிடைக்கலாம்.

தம்மாம் என்றால் அறையில் ஏசி ஓடியிருக்கும், ட்யூப் லைட் எரிந்திருக்கும். ஏசியின் மின் சுருளிலும் ட்யூப் லைட் சோக்கிலும் இருந்து ஒரு ரீங்காரம் வரும், அதன் அதிர்வெண் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கு. டூ இன் ஒன்னில் உள்ள பதிவு சர்க்யூட், பேச்சு நிற்கும்போது ஒலியளவைத் தானே கூட்டிக்கொள்ளும், அதனால் வாப்பா மூச்சு வாங்கும் இடைவெளிகளில் இந்த ரீங்காரம் நன்றாகப் பதிந்திருக்கும்.

ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் கோப்பைத் திறந்து, அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றி, கீழே 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மெல்லிய கோடு மேல்நோக்கிச் சரிந்து போகிறதா?

ஒன்றைக் கவனியுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் ரீங்காரம் 100. துபாய், குவைத், கத்தாரிலும் 50தான். சவூதியில் மட்டும் 60. அதனால் உங்கள் கோடு நிற்க வேண்டிய இடம் 120. நூறு என்று நினைத்துத் திருத்தினால் வாப்பாவின் குரல் கிணற்றுக்குள் இருந்து வரும்.

கடற்கரைத்தெரு

கோடு இருக்கிறது அக்கா! ஆரம்பத்தில் 121 பக்கம், முடியும் இடத்தில் 138.

நாடாச்சுருள்

அப்படியானால் கடைசிப் பகுதியை 120ஐ 138ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 87 சதவீத வேகத்துக்கு இறக்க வேண்டும். ஆரம்பத்துக்கு 99 சதவீதம். ஆடாசிட்டியில் டைம் டிராக் என்று ஒன்று இருக்கிறது. அதில் சில நிமிடங்களுக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் கோட்டின் அளவைப் பார்த்து வேகத்தைக் குறித்துக்கொண்டே போங்கள். குரலின் உயரம் மட்டும் மாறும் கருவியைத் தொடாதீர்கள், வேகமும் உயரமும் சேர்ந்தே மாற வேண்டும். நகலில் செய்யுங்கள்.

கடற்கரைத்தெரு

முடித்துவிட்டேன். இப்போது ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே ஆள், என் வாப்பா. நேற்று இரவு உம்மா கேட்டார். அதைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எல்லோரும் துஆவில் இருக்கிறீர்கள்.

இன்னொன்று நடந்தது, அக்காவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். மூன்றாவது கேசட்டில் உம்மாவின் பதில் இருக்கிறது. வாப்பாவின் பேச்சுக்கு மேலேயே பதிந்தது. உம்மா பேசி முடித்து டக்கென்று பட்டன் சத்தம். அங்கேயே நிறுத்தியிருப்பேன். நாடா முடியும்வரை ஓடட்டும் என்று நீங்கள் எழுதியதால் விட்டுவைத்தேன். பட்டன் சத்தத்துக்குப் பிறகு வாப்பா ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்து பேசத் தொடங்குகிறார். உம்மாவின் பதில் முழுப் பக்கத்துக்கும் வராததால் மிச்சம் அழியாமல் இருந்திருக்கிறது. பெரிய லாத்தாவின் நிக்காஹ் செலவு பற்றிப் பேசுகிறார். அப்படி ஒரு கேசட் இருந்ததே யாருக்கும் நினைவில்லை.

பழைய_பட்டறை

சந்தோஷம் தம்பி. அந்த மிச்சப் பகுதிக்கு அசிமத்தை மறுபடி பாருங்கள். உம்மா பேசியது ஊரில் இருந்த செட், வாப்பா பேசியது அங்கே இருந்த செட். ஹெட்டின் சாய்வு இரண்டிலும் ஒன்றாக இருக்காது. உம்மாவுக்காகச் செட் செய்ததில் வாப்பாவின் குரல் மங்கித்தான் வந்திருக்கும். அந்தப் பகுதியை மட்டும் தனியாக ஒரு முறை எடுங்கள்.

கடற்கரைத்தெரு

உண்மைதான் அண்ணே, நீங்கள் சொன்ன பிறகு எடுத்துப் பார்த்தேன், நிறைய வித்தியாசம். இப்போது மிச்சம் இருப்பது ஒட்டி மூடிய அந்த ஒரு கேசட். போட்டால் ஓடவில்லை. உள்ளே நாடா ஆரம்பத்திலேயே அறுந்து, நுனி சக்கரத்துக்குள் போய்விட்டது போலத் தெரிகிறது.

47கே_ஓம்

ஓட்டை உடைக்கத்தான் வேண்டும். இரண்டு பாதியும் சேரும் கோட்டில், நாடா வெளியே தெரியும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க மூலையில் இருந்து தொடங்குங்கள். மெல்லிய கத்தியை வைத்து அழுத்தி, கோட்டிலேயே சிறிது சிறிதாக நகர்த்தினால் ஒட்டு விட்டுக்கொடுக்கும். கத்தி முனை 2 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகக்கூடாது, சுருள் ஓரத்துக்கு மிக அருகில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் துண்டு தெறிக்கும்.

திறந்ததும் சுருளைப் புது ஸ்குரு ஓட்டுக்கு மாற்றிவிட்டு, அறுந்த நுனியைப் புதுக் கேசட்டின் லீடர் நாடாவோடு, அதாவது தொடக்கத்தில் வரும் பதிவில்லாத துண்டோடு, இணையுங்கள். இரண்டு நுனியையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சாய்வாக ஒரே வெட்டாக வெட்டினால் இடைவெளியில்லாமல் பொருந்தும். வெட்டும் பிளேடு காந்தம் ஏறாததாக இருக்கட்டும். இதற்கென்றே விற்கும் ஸ்ப்ளைசிங் டேப்பை முதுகுப் பக்கம், அதாவது ஹெட் தொடாத பக்கம் ஒட்டுங்கள். கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், அதைவிட ஒரு மயிரிழை குறைவான அகலத்தில் ஒட்டினால் ஓரம் நீட்டாது.

செலோடேப் மட்டும் வேண்டாம். அதன் பசை சூட்டில் கசிந்து அடுத்த சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும்.

கடற்கரைத்தெரு

ஸ்ப்ளைசிங் டேப் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்குமா?

47கே_ஓம்

என்னிடம் ஒரு ரோல் சும்மா கிடக்கிறது. முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், நாளைக்கே கூரியரில் போட்டுவிடுகிறேன். வந்ததும் முதலில் பாட்டு கேசட் நாடாவில் வெட்டி ஒட்டிப் பழகிவிட்டு அப்புறம் அதைத் தொடுங்கள்.